மயிலாடிக்காரன் வாங்கிய வெட்டுக்கத்தி

கொட்டாரத்துக்கு வெட்டுக்கத்தி வாங்கப் போகிற ஆட்கள் நேரே கொல்லப்பட்டறைக்குப் போய்விடுவதில்லை. மயிலாடிக்குக் கிழக்கே, பொத்தை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் சின்னக் கல்மலையின் சரிவில், சுயம்புலிங்கத்தின் மரச்சீனித் தோட்டம், அதாவது மரவள்ளித் தோட்டம், இருக்கிறது. அதன் வேலியருகே நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

“ஓய் சுயம்பு, ஒரு வெட்டோத்தி வாங்கணும். எதப் பாத்து வாங்கணும்?”

சுயம்புலிங்கம் குனிந்த தலையை நிமிர்த்தமாட்டான். “எனக்கு இரும்பு தெரியாது ஓய். வீட்டுல கேளும்.”

கேட்டவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே சில பேர், வீட்டில் நல்ல வெட்டுக்கத்தி இரண்டு கிடந்தாலும், வேலியருகே வந்து கேட்பதுண்டு. ஏனென்றால் கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று ஏழு வரைக்கும் ‘சுயம்புலிங்கத்துக்கு இரும்பு தெரியாது’ என்று மயிலாடியில் எவனாவது சொல்லியிருந்தால் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அப்படிச் சொல்லுகிறவனைச் சுயம்புலிங்கம் சும்மா விட்டிருக்கவும் மாட்டான்.

அவன் கல்வேலைக்காரன். பன்னிரண்டு வயதில் உளி பிடித்தவன். அம்மி, ஆட்டுரல், கோயில் தூண், படிக்கல் என்று தொடங்கி, முப்பது வயதில் சாமி சிலைக்கு முகம் திறக்கிற அளவுக்கு வந்துவிட்டான். தான் செதுக்கிய சாமியை ஊர் கும்பிடும். அவன் மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஐயாவழிக்காரர்களின் சிலையில்லாத கோயிலான நிழல்தாங்கலில் கண்ணாடி முன்னால் நின்று ஐயாவைக் கும்பிட்டுவிட்டு வருவான். இதில் அவனுக்கு ஒரு சிக்கலும் இருந்ததில்லை. வேலை வேலை, சாமி சாமி.

உளி மழுங்கினால் அடுத்தவனிடம் கொடுக்கமாட்டான். தானே உலையில் வைத்துக் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுவான். இரும்புக்கு உரம் ஏற்றுகிற அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. கடைசியில் உளியைக் கல்லில் தட்டி, காதருகே வைத்துக் கேட்பான். கணீரென்று நின்று ஒலித்தால் நல்ல உளி. மொத்தென்று விழுந்தால் மறுபடியும் உலை. “இரும்பு வாய் பேசாது, காதுலதான் பேசும்” என்று சின்ன ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருப்பான். பெருமைதான். இருக்கட்டுமே, கைவேலை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் பெருமை இல்லாமல் முடியுமா?

அந்தப் பெருமையோடு இருமலும் வந்தது. முதலில் பனி என்றான். பிறகு புகை என்றான். ஒரு ஐப்பசியில் இருமி இருமி உளியைக் கீழே போட்டபோது, அவன் மனைவி செல்லக்கனி அவனை மாட்டுவண்டியில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். உள்ளே கல்தூள் படிந்திருக்கிறது, கல்லை விட்டுவிட்டால் பிழைத்துக்கிடப்பாய், விடாவிட்டால் நாலைந்து வருஷம் என்றார். செல்லக்கனி வீட்டுக்குப் போகாமல் வண்டியை நிழல்தாங்கலில் நிறுத்தச் சொன்னாள். இனிமேல் உளி தொடமாட்டேன் என்று அங்கே அவனைச் சத்தியம் பண்ணவைத்த பிறகுதான் வீட்டுக்கு வரவிட்டாள்.

சத்தியம் சரி, சோற்றுக்கு என்ன செய்வது? பூதப்பாண்டியில் வாத்தியார் வேலை பார்த்த ரசலையனுக்கு மனைவி வழியில் பொத்தைச் சரிவில் இரண்டு ஏக்கர் கிடந்தது. கிடந்தது என்றால் சும்மா கிடந்தது. உடையும் காரையும் இண்டுமாக முள் மண்டி, ஆடு நுழைந்தால் தோலில்லாமல்தான் வெளியே வரும். வாத்தியார் நல்ல மனிதர். “ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை பள்ளிக்கூடம் கெடையாது. அன்னைக்குச் சங்கிலி கொண்டு அளக்க வருவேன். அதுக்குள்ள காடு முழுசும் வெட்டித் திருத்தியிருந்தா பாதி உனக்கு எழுதித் தாறேன். ஒரு மூலை மிச்சம் இருந்தாலும் எனக்கு வாக்கு இல்ல. மச்சினன் இஸ்ரவேல் இப்பவே ஆட்டுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கான், கேட்டியா?” என்றார்.

தை பிறந்ததும் சுயம்புலிங்கமும் செல்லக்கனியும் வெட்டுக்கத்தி வாங்கக் கொட்டாரத்துக்கு நடந்தார்கள்.

செல்லக்கனி அகஸ்தீஸ்வரத்துப் பக்கம் பனையேறி வீட்டுப் பெண். அவள் அப்பாவிடம் பாளை சீவ ஒன்று, மட்டை வெட்ட ஒன்று, விறகுக்கு ஒன்று என்று இரும்பு எப்போதும் நாலைந்து இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே காடு கரையெல்லாம் விறகு வெட்டித் தலையில் சுமந்தவள். ஆனால் இதையெல்லாம் கல்வேலைக்காரன் ஒரு படிப்பாக எண்ணவில்லை.

கொட்டாரத்துக் கொல்லன் சுடலையாண்டி சாக்கு விரித்து ஐந்து வெட்டுக்கத்திகளைப் பரப்பியிருந்தான். சுயம்புலிங்கம் ஒவ்வொன்றாக எடுத்தான். இரண்டு விரலால் தொங்கவிட்டு, கூழாங்கல்லால் ஒரு தட்டு. காதருகே வைத்து, கண்ணை மூடிக் கேட்டான். முதல் நாலும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவது கோயில் மணி மாதிரி ஒலித்தது.

அதற்குள் செல்லக்கனி, அவன் ஒதுக்கிப்போட்டதில் ஒன்றை எடுத்து, நுனியைத் தூணில் ஊன்றி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இஞ்ச பாருங்க, இது முதுகு வளையுது. இத எடுப்போம்” என்றாள்.

“வளைஞ்சா அது இரும்பாட்டி? தகரம்” என்றான் சுயம்புலிங்கம்.

“தங்கச்சி எடுத்தது நல்ல சாமான் ஓய்” என்றான் சுடலையாண்டி. விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டான் நம்ம ஆள். அதோடு விட்டிருந்தாலும் தேவலை. மணிபோல் ஒலித்த ஐந்தாவதும் அவனுக்குப் போதவில்லை. அதை மறுபடியும் உலையில் வைத்து, வெட்டும் வாய் மட்டுமல்லாமல் முதுகுவரை முழுசாக முக்கித் தோய்ச்சல் போடச் சொன்னான்.

சுடலையாண்டி துருத்தியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். “ஓய் மயிலாடியாரே, நீரு வெட்டோத்தி வாங்க வந்தீரா, உளி வாங்க வந்தீரா?”

“எனக்கு இரும்பு சொல்லித் தராதேயும். சொன்னதச் செய்யும்.”

அவன் செய்தான். வாங்குகிறவன் கேட்கிறான், கொல்லனுக்கு என்ன வந்தது? செல்லக்கனி பட்டறை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நிய ஆள் முன்னால் கட்டினவனை மட்டந்தட்டக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அது அவள் செய்த தப்பு என்று இன்றைக்கும் அவளே சொல்லுவாள்.

ஒன்று சொல்லவேண்டும். வெட்டுக்கத்தி முதலில் வெட்டு வெட்டென்று வெட்டியது. இடது கையில் கவைக்கம்பு கொண்டு முள்ளைத் தள்ளிப் பிடித்து, வலது கையால் அடியில் ஒரு போடு போட்டால், இண்டங்கொடி வாழைத்தண்டாய் அறுந்து விழுந்தது. தீட்டவே வேண்டியிருக்கவில்லை. தை முடிவதற்குள் அரை ஏக்கர் வெளுத்தது. கல்பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தபோது, சுயம்புலிங்கம் அவர்களுக்கும் அதைத் தட்டிக் காட்டினான். மாலையில் செல்லக்கனி கஞ்சி ஊற்றும்போது, “கேளுட்டி, ஒரு மாசம் வெட்டியும் சத்தம் மாறல்ல பாரு” என்பான்.

“சத்தத்தப் போட்டு கஞ்சி காய்ச்ச முடியாது” என்பாள் அவள். அதோடு விடமாட்டாள். “வாயில பல்லு பல்லா வந்திருக்கு, பாத்தியளா? சின்னச் சின்னதா தெறிச்சிருக்கு.”

பார்க்கத்தான் செய்தான். தீட்டுக்கல்லில் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு ஒன்றும் இல்லை என்றான். ஒவ்வொரு வெட்டுக்கும் அதிர்வு பிடிவழியாக ஏறி முழங்கைவரை விறைத்ததையும் அவளிடம் சொல்லவில்லை. கல்லில் உளி அடித்தாலும் அப்படித்தானே இருக்கும்? அது அவனுக்குப் பழகிய வலி. அதனால் அதைச் சரியான வலி என்றே எடுத்துக்கொண்டான்.

பங்குனியில் கீழ்ச்சரிவு முடிந்து மேலே ஏறினார்கள். ஒன்றரை ஏக்கர் முடிந்துவிட்டது. மிச்ச அரை ஏக்கர்தான் கெட்ட இடம்: பாறை இடுக்கெல்லாம் காரையும் சூரையும் வேரோடிக் கிடந்தது. ஈஸ்டருக்கு இருந்த நாட்களைச் சுயம்புலிங்கம் கிறிஸ்தவக் கோயில் மணியை வைத்துத்தான் எண்ணினான். அவனுக்கும் அந்தக் கோயிலுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணி அவனுக்கும் கேட்கும். இன்னும் இரண்டு ஞாயிற்று மணி பாக்கி.

புதன்கிழமை காலை, காரைப் புதர் ஒன்றின் அடியில் ஓங்கிப் போட்டான். உள்ளே கல் இருந்தது. கணீரென்று ஒரு சத்தம். வாங்கும்போது கேட்ட அதே சத்தம். கையில் பிடியும் ஒரு சாண் இரும்பும் மட்டும் மிச்சமிருந்தது. உடைந்த துண்டு சுழன்று போய், வெட்டின முள்ளை இழுத்துக்கொண்டு நின்ற செல்லக்கனியின் முன்கையைக் கீறிவிட்டு மண்ணில் விழுந்தது.

அவன் ஓடினான். பெரிய காயமில்லை, தோல்தான் கிழிந்திருந்தது. ஆனால் ரத்தம் கொஞ்சம் தாராளமாகவே வந்தது. அவள் முந்தானையைக் கிழித்துத் தானே கட்டிக்கொண்டாள். இன்னும் ஒரு முழம் மேலே போயிருந்தால் கழுத்து. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. 

சுயம்புலிங்கம் ஒரு பாறையில் உட்கார்ந்தான். காற்று மேற்கே இருந்து வீசியது. மயிலாடிப் பட்டறைகளில் உளிச் சத்தம் டக் டக்கென்று கேட்டது. இருபது வருஷம் அவன் இருந்த இடம். அங்கே போனால் நாளைக்கே வேலை, நாளைக்கே மரியாதை. இங்கே பன்னிரண்டு நாள், அரை ஏக்கர் முள், கையில் முறிந்த இரும்பு. இரும்பே தெரியாது என்று ஆகிவிட்ட பிறகு அவனுக்கு வேறு என்னதான் தெரியும்?

“நாளைக்குப் பட்டறைக்குப் போறேன்” என்றான்.

செல்லக்கனி கட்டின கையோடு அவன் முன்னால் வந்து நின்றாள். “போனா நாலஞ்சு வருஷம்னு டாக்டர் சொன்னாரு. நான் கேட்டேன், நீங்களும் கேட்டிய. இந்த மூலைக்கும் உங்க உசிருக்கும் நடுவில ஒரு வெட்டோத்திதான் குறை. அத நான் எடுப்பேன். நாளைக்குக் கொட்டாரம் போறோம். நீங்க கையக் கெட்டிக்கிட்டு நிக்கணும். வாயையும்.”

மறுநாள் சுடலையாண்டி ஒடிந்த துண்டைப் பார்த்தான்.  நல்லவன். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பித் துருத்தியை இரண்டு தடவை ஊதினான், அவ்வளவுதான். பிறகு சாக்கை விரித்தான்.

அன்றைக்கு ஏழு வெட்டுக்கத்திகள் இருந்தன. செல்லக்கனி ஒன்றையும் தட்டவில்லை. முதலில் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகுவழியே பார்த்தாள். கோணலாக இருந்த இரண்டு ஒதுங்கின. பிறகு நுனியைத் தூணில் ஊன்றி உடம்பைச் சாய்த்தாள். ஒன்று வளைந்தது, வளைந்தபடியே நின்றுவிட்டது. “இது ஈயம்” என்று தள்ளினாள். ஒன்று அசையவே இல்லை. அதை அவள் எடுத்துக் கணவன் முகத்துக்கு நேரே ஒரு கணம் பிடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். மிச்ச மூன்றும் வளைந்து, விட்டதும் நேரே வந்தன.

“அண்ணே, அரம் இருக்கா?”

சுடலையாண்டி அரத்தை நீட்டினான். வாயில் ஒரு இழுப்பு இழுத்தாள். அரம் வழுக்கிக்கொண்டு போனது. முதுகில் ஒரு இழுப்பு. அரம் கடித்தது, தூள் விழுந்தது. “வெட்டுத வாய் கடுசா இருக்கணும். அடி வாங்குத முதுகு எளகி இருக்கணும். ரெண்டும் கடுசுன்னா எங்க போய்ப் பொறுக்கது?” இதைக் கொல்லனைப் பார்த்துத்தான் சொன்னாள். கேட்கவேண்டியவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு வேறு வேலை என்ன?

மூன்றில் ஒன்று நுனி இலேசாக இருந்தது, போய்விட்டது. “கையத் தளத்தினா தலை தானா கீழ போகணும். இல்லைன்னா நம்ம பலத்துலதான் வெட்டணும்.” மிச்சம் இரண்டு. பட்டறைக் குடத்தில் கையை நனைத்து, ஈரக்கையோடு இரண்டின் பிடியையும் பிடித்துச் சுழற்றினாள். வேர்த்த கையில் ஒன்று வழுக்கியது. மற்றதன் பிடி கடைசியில் கொஞ்சம் தடித்து, விரலைத் தாங்கி நின்றது.

அதோடு அவள் முடித்துவிடுவாள் என்றுதான் சுயம்புலிங்கம் நினைத்தான். ஆனால் அவள் அவனுடைய கட்டின கைகளைப் பிரித்து, வலது கையை எடுத்து, அந்தப் பிடியில் வைத்து விரல்களை மடக்கினாள். கொல்லன் பார்த்துக்கொண்டிருந்தான், அவளுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. “வெட்டுதது உங்க கை. வீசுங்க. நோவுதா?”

வேலியில் நின்ற பூவரசங்கிளையில் பச்சையாக ஒன்றும், காய்ந்த உடைமரக் கம்பு ஒன்றும் வெட்டினான். இரண்டும் போயின. முழங்கைவரை ஏறவேண்டிய வலிக்காக அவன் காத்திருந்தான். வரவில்லை.

“நோவல்ல” என்றான்.  இரண்டு மாதமாக வலித்ததை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரி புரண்டு படுக்கிறவனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குத் தெரியாதா? ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் லேசில் புரியாது.

எட்டு நாள் இரண்டு பேரும் பேயாய் வேலை செய்தார்கள். புதுக் கத்தி கல்லில் பட்டது, ஒரு தடவையல்ல, இருபது தடவை. பட்ட இடத்தில் வாய் மடங்கும். பனங்கட்டையில் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக்கல்லின் பொடி தூவித் தீட்டினால் நேராகிவிடும். தினமும் தீட்டவேண்டியிருந்தது உண்மைதான். தீட்டியது செல்லக்கனி. கணீர் சத்தம் கிடையாது. மொத்து மொத்தென்றுதான் வெட்டியது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று கடைசிச் சூரைப்புதர் விழுந்தது. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை முள்குவியலுக்குத் தீ வைத்தார்கள். காலைப் பூசை முடிந்து வந்த சனம் புகையைப் பார்த்து, பொத்தையில் யாருக்கு இவ்வளவு பண்டிகை என்று கேட்டுக்கொண்டு போனது.

திங்கட்கிழமை ரசலையன் வெள்ளை வேட்டியில் சங்கிலியோடு வந்தார். கூட இஸ்ரவேலும் வந்தான். நாலு மூலையும் நடந்து பார்த்தார்கள். இஸ்ரவேல் குனிந்து குனிந்து ஒரு புதருக்காகத் தேடினான். பாவம், ஒன்றும் கிடைக்கவில்லை.

“சொன்னா சொன்னதுதான். பத்திரம் யாரு பேருக்கு எழுத?” என்றார் வாத்தியார்.

“ஆம்பிள பேருக்குத்தான் எழுதுவாவ, சாரே. வேற யாரு பேருக்கு?” என்று சொன்னது செல்லக்கனிதான். சுயம்புலிங்கம் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். பத்திரம் அவன் பேருக்கே எழுதப்பட்டது.

சித்திரை மழையில் மரச்சீனிக் கம்பு ஊன்றினார்கள். இருமல் முழுதாக விடவில்லை, ஆனால் ஆவணியில் அவன் ஒரே மூச்சில் பொத்தை உச்சிவரை ஏறி இறங்கினான். இறங்கி வந்து, ஏறினதை நாலு பேரிடம் சொன்னான். பெருமை அவ்வளவு சீக்கிரம் போகுமா?

நிலம் பிரித்தால் மூலைக்கல் நடுவதும், அதில் உடையவன் பெயரை வெட்டுவதும் அந்தப் பக்கத்து வழக்கம். மயிலாடிக்காரன் நிலத்துக்கு மொட்டைக் கல் நட்டால் ஊர் சிரிக்கும். ஒருநாள் செல்லக்கனி கொட்டாரம் சந்தையிலிருந்து கிழங்கு விற்றுத் திரும்பும்போது, தோட்டத்து மூலையில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, கல் முன்னால் உட்கார்ந்து, சுயம்புலிங்கம் உளி அடித்துக்கொண்டிருந்தான்.

“ஐயா முன்னால சத்தியம் பண்ணிட்டு, வெக்கமில்லாம கல்லத் தொடுதிய?” அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “உங்க பேர வெட்டலைன்னா நிலம் ஓடியா போவும்?”

“என் பேரு பத்திரத்துல இருக்கு” என்றான். துணியை அவிழ்த்தான். அவளுக்கு எழுத்து தெரியாது. அவள் விரலைப் பிடித்து, வெட்டின பள்ளத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நடத்திக்கொண்டே படித்தான். “செல்லக்கனி. இதான் வெட்டியிருக்கு. இத ஒண்ண வெட்டியாச்சு. இனி தொடமாட்டேன். ஐயாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.”

அவள் விரல் அந்தப் பள்ளத்தில் திரும்பவும் ஒருதடவை போய்வந்தது. பிறகு, எதையாவது பேசியாகவேண்டுமே என்பதுபோல, அவன் கையிலிருந்த உளியை வாங்கிப் பார்த்தாள். பட்டை வடிவில் ஏதோ பழக்கமாக இருந்தது.

“உளியெல்லாம் சத்தியம் பண்ணின அன்னைக்கே குடுத்தாச்சே. இது ஏது?”

“ஒடிஞ்ச வெட்டோத்தி. துண்ட எடுத்து அராவினேன்.”

செல்லக்கனி தரையில் கிடந்த கூழாங்கல்லை எடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இரும்பைத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள்.

“உளிக்கு நல்ல தோய்ச்சல்தான்” என்றாள்.